சம்மணமிட்டு உட்காரவே முடியவில்லை. யோகாசனத்தை எங்கிருந்து தொடங்குவது?

#1 வளையாமரம்

வயது 51. பகல் முழுவதும் கணினிக்கு முன்னால் அமர்ந்து செய்யும் வேலை. ‘ஐந்தில் வளையாதது’ என்று தொடங்க நினைப்பவர்கள் சிரமப்பட வேண்டாம். என் பெயரிலேயே அதை ஒப்புக்கொண்டுவிட்டேன்.

இதுவரை மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் விட்டிருக்கிறேன். முதல் முறை, காணொளியைப் பார்த்துச் சூரிய நமஸ்காரம். ஆர்வக் கோளாறில் முதல் நாளே பன்னிரண்டு சுற்று. அடுத்த மூன்று நாள்கள் படிக்கட்டில் நண்டு போலப் பக்கவாட்டாக இறங்கினேன். இரண்டாம் முறை ஒரு வகுப்பில் சேர்ந்தேன். எல்லோரும் சம்மணமிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்கள். என் முழங்கால்கள் இரண்டும் மலைக் குன்றுகள் போல நின்றன, முதுகு கூனியது, ஐந்து நிமிடத்தில் கால் மரத்துவிட்டது. பயிற்சி கொடுத்தவர் பின்னால் வந்து என் முழங்காலைக் கீழ்நோக்கி அழுத்தினார். மறுநாள் நான் போகவில்லை. மூன்றாம் முறை நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: ஒரு விரிப்பு வாங்கினேன், அவ்வளவுதான். இன்றுவரை உறைகூடப் பிரிக்காமல் மூலையில் நிற்கிறது.

இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை எடுக்கிறேன், கட்டுக்குள் இருக்கிறது. தரையில் உட்கார்ந்தால் எதையாவது பிடித்துத்தான் எழ முடியும். ‘மென்மையான யோகா’ என்கிறார்களே, அது என்னைப் போன்றவர்களுக்கானதா? கொஞ்சமாவது வளைந்த பிறகுதான் சேர வேண்டுமா?

#2 துள்ளல்

வாங்கிய விரிப்பை மூலையில் நிறுத்துவதற்கு விரிப்பாசனம் என்று பெயர். நான் நான்கு ஆண்டுகள் அதில் தேர்ச்சி பெற்றிருந்தேன். வெட்கப்படாதீர்கள்.

#3 நாற்காலிக்காரி

முதலில் சம்மணத்தை மறந்துவிடுங்கள். உங்கள் கதையில் எனக்குக் கோபம் வந்த இடம் அந்த முழங்கால் அழுத்தல்தான். முழங்கால் கதவுக் கீல் போன்ற மூட்டு. மடங்கும், நீளும், திருகுவதற்கு அதில் அதிக இடமில்லை. சம்மணத்துக்கு வேண்டிய திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். இடுப்பு தர மறுக்கும் திருப்பத்தை முழங்காலிடம் பிடுங்கினால் உள்ளே இருக்கும் சவ்வும் தசைநாரும்தான் விலை கொடுக்கும். அதுவும் இடுப்புக் குழியின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறு. சிலருக்கு இருபது ஆண்டுகள் பழகினாலும் முழங்கால் தரையைத் தொடாது. அது எலும்பின் அமைப்பு. சோம்பேறித்தனம் இல்லை.

எனக்கு 58 வயது. ஆறு ஆண்டுகளுக்கு முன் நானும் உங்கள் இடத்தில்தான் நின்றேன். நாற்காலியில்தான் தொடங்கினேன், இன்றும் பாதி நாள்கள் நாற்காலியில்தான். என் முதல் மாதத்தை அப்படியே சொல்கிறேன்.

சக்கரம் இல்லாத, கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலி. வழுக்காமல் இருக்கச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இருக்கையின் முன்பாதியில் அமர்ந்து இரண்டு பாதங்களும் தரையில் பதிய வேண்டும். எட்டவில்லையென்றால் தடித்த புத்தகங்களைக் காலடியில் வையுங்கள். சாய்மானத்தை விட்டுவிட்டு, உட்காரும் எலும்புகள் இரண்டும் இருக்கையில் சமமாக அழுந்துகின்றனவா என்று பாருங்கள். முதல் இரண்டு நிமிடம் இவ்வளவுதான். மூச்சை இழுக்காதீர்கள், பிடிக்காதீர்கள். அது வந்துபோவதை எண்ணுங்கள். பத்து எண்ணுவதற்குள் மனம் எங்கோ அலுவலகத்துக்குப் போயிருக்கும். போகட்டும். திரும்பி வந்து ஒன்றிலிருந்து எண்ணுங்கள்.

பிறகு அசைவு. மூச்சை உள்ளே எடுக்கும்போது தோள்களைக் காதருகே தூக்கி, வெளியே விடும்போது இறக்குங்கள். அடுத்து, கைகளைத் தொடைமேல் வைத்து, மூச்சு உள்ளே போகும்போது நெஞ்சை முன்னால் திறந்து, வெளியே வரும்போது முதுகை மெல்ல வளைத்துப் பின்னால் சரியுங்கள். தரையில் நான்கு கால்களில் செய்யும் மார்ஜரி ஆசனத்தின் நாற்காலி வடிவம் இது. ஆறு முறை போதும். ஒரு கையை மேலே தூக்கிப் பக்கவாட்டில் சாய்தல், இரண்டு பக்கமும். பிறகு திருகுதல்: வலது கையை நாற்காலியின் பின்புறம் வைத்து, முதுகை உயர்த்திய பின்னரே திரும்ப வேண்டும். கையால் நாற்காலியை இழுத்துத் திருகினால் அது உங்கள் முதுகின் வேலை அல்ல, கையின் வேலை. கணுக்காலைச் சுழற்றுவதையும் விடாதீர்கள். நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது தனி சுகம்.

கடைசியில் எழுந்து நின்று நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி பத்து முறை குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். பிறகு அதே பிடியோடு மெல்லப் பின்னால் நடந்து, இடுப்பிலிருந்து முன்னால் சாயுங்கள். கை, முதுகு, இடுப்பு மூன்றும் ஒரு மேசை போல. முழங்கால் மடங்கியே இருக்கலாம். தலை இதயத்துக்குக் கீழே இறங்குவதில்லை என்பதால் மாத்திரை எடுக்கும் உங்களுக்கு இது தரையைத் தொடும் குனிவைவிட நல்லது. நிமிரும்போது நாற்காலியை நோக்கி நடந்து வந்தே நிமிருங்கள்.

மொத்தம் பன்னிரண்டு நிமிடம். இதைவிடக் கூட்ட வேண்டும் என்று ஐந்தாம் நாளே உங்களுக்குக் கை துறுதுறுக்கும். கூட்டாதீர்கள். நண்டு ஞாபகம் இருக்கட்டும்.

#4 பழம்பாய்

மன்னிக்கவும், எனக்கு இதில் உடன்பாடில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கையைத் தூக்குவது நல்ல உடற்பயிற்சியாக இருக்கலாம். அதை யோகம் என்று ஏன் சொல்ல வேண்டும்? என் ஆசிரியர் தாங்கலுக்கு வைக்கும் ஒரு கட்டையைக்கூடத் தொடவிட்டதில்லை. வலித்தது, பழகியது, வந்தது. இப்போது எல்லாவற்றையும் எளிதாக்கி எளிதாக்கி, கடைசியில் படுத்துக்கொண்டு கண்ணை மூடினால் போதும் என்று வந்து நிற்கிறோம்.

#5 ஏடுபுரட்டி

படுத்துக்கொண்டு கண்ணை மூடுவதற்குச் சவாசனம் என்று பெயர், ஐயா. ஒழுங்காகச் செய்தால் எல்லாவற்றிலும் கடினமானது அதுதான்.

நகைச்சுவை போகட்டும். ‘எளிதாக்கியது இன்றைய தலைமுறை’ என்ற எண்ணத்தை மட்டும் ஏற்க முடியவில்லை. பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் ஆசனத்தைப் பற்றி நேரடியாகப் பேசும் சூத்திரங்கள் மூன்றே மூன்று. அவற்றில் முதலாவது, ‘ஸ்திர சுகம் ஆசனம்’ என்கிறது. நிலையாகவும் இருக்க வேண்டும், சுகமாகவும் இருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதில் முதல் பாதி இருக்கலாம். இரண்டாம் பாதி எங்கே? நம் திருமூலர் மூன்றாம் தந்திரத்தில் எட்டு உறுப்பு யோகத்தைப் பாடும்போது சிறந்த ஆசனங்களாக ஏழைப் பெயர் சொல்கிறார். பத்திரம், கோமுகம், பங்கயம் என்று வரும் அந்தப் பட்டியலில் சுகாதனமும் இருக்கிறது. சுகமாக அமர்வதை அவர் தாழ்வாக நினைத்திருந்தால் அங்கே சேர்த்திருக்க மாட்டார்.

துணைப்பொருள் விஷயத்துக்கும் வருகிறேன். கட்டை, பட்டை, போர்வை, நாற்காலி எல்லாவற்றையும் உலகம் முழுவதும் யோக வகுப்புகளுக்குள் கொண்டு சேர்த்தவர் பி.கே.எஸ். அய்யங்கார் (1918–2014). கண்டிப்புக்குப் பெயர்போனவர்; சோம்பேறிகளுக்காக அவர் கட்டையைக் கண்டுபிடிக்கவில்லை. இளமையில் அவரே நோயில் வாடிய உடம்போடுதான் யோகத்துக்கு வந்தார். அவருடைய ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரின் மகன் தேசிகாச்சாரோ, பயிற்சியை ஆளுக்கேற்ப மாற்ற வேண்டும், ஆளைப் பயிற்சிக்கேற்ப மாற்றக் கூடாது என்ற வழியில் வாழ்நாள் முழுவதும் கற்பித்தவர். இருவரும் போன வழி வேறு வேறு, ஆனால் ‘வலித்தால்தான் யோகம்’ என்று இருவருமே நினைக்கவில்லை.

#6 பழம்பாய்

சுகாதனம் பற்றிச் சொன்னது சரி. ஆனால் சுகத்துக்கும் சொகுசுக்கும் வேறுபாடு உண்டு என்பதையாவது ஒப்புக்கொள்ளுங்கள்.

#7 ஏடுபுரட்டி

அதை முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

#8 மூட்டுக்காவலர்

தொழிலால் இயன்முறை மருத்துவர். ‘வலித்தது, பழகியது, வந்தது’ என்ற வரிக்காக மட்டும் உள்ளே வந்தேன். அப்படிப் பழகி வராதவர்கள்தான் என் அறைக்கு வருகிறார்கள். அதனால் என் பார்வை ஒருதலைப்பட்சமாக இருக்கலாம், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்குபவர்கள் வலியைப் பிரித்தறியக் கற்றால் பாதிக் கிணறு தாண்டியது போல. தசையின் நடுப்பகுதியில், அகலமாக, மந்தமாக இழுக்கும் உணர்வு சாதாரணமானது. நிலையிலிருந்து வெளியே வந்ததும் அது போய்விடும். மூட்டுக்குள் குத்துவது, ஒரே புள்ளியில் சுருக்கென்று பாய்வது, கால் வழியாக மின்சாரம் போல இறங்குவது, மரத்துப்போவது, எறும்பு ஊர்வது: இவற்றில் எது வந்தாலும் அந்த நிலையை விட்டு உடனே வெளியே வாருங்கள். ‘இன்னும் ஐந்து மூச்சு’ என்று பேரம் பேச வேண்டாம். வளையாமரம் அவர்களின் கால் மரத்தது உடல் காட்டிய சிவப்பு விளக்கு. அவர் எழுந்து போனது சரியான முடிவு.

அந்த நண்டு நடைக்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். பழக்கமில்லாத வேலையைச் செய்த தசையில் வலி மறுநாள்தான் தெரியத் தொடங்கும், இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். ஆகவே ‘இன்று எனக்கு ஒன்றும் செய்யவில்லை, இன்னும் நான்கு சுற்றுப் போடலாம்’ என்று அன்றைய உடம்பைக் கேட்டு முடிவெடுப்பது ஏமாற்றம் தரும். புதிதாக எதைச் சேர்த்தாலும் இரண்டு நாள் காத்திருந்து பாருங்கள்.

இரத்த அழுத்தம் இருப்பவர்கள் மூச்சை அடக்கிப் பிடிக்கும் பயிற்சிகளையும், கபாலபாதி போல வேகமாக மூச்சை அடித்துத் தள்ளுபவற்றையும், தலைகீழ் நிலைகளையும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். மாத்திரை எடுப்பவர்களுக்குச் சட்டென்று நிமிர்ந்தால் தலைசுற்றும். கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்குத் தலை கீழே போகும் நிலைகள் கண்ணின் அழுத்தத்தை இன்னும் ஏற்றும்; கண் மருத்துவரைக் கேட்காமல் செய்யவே கூடாது. எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் முதுகை வளைத்து ஆழமாகக் குனிவதையும் வலுவாகத் திருகுவதையும் தவிர்க்க வேண்டும், ஏனென்றால் முதுகெலும்பின் முன்புறம் நசுங்கும் ஆபத்து உண்டு. கர்ப்பிணிகளும் அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் பொது வகுப்பில் பத்தோடு பதினொன்றாகச் சேராமல், தங்கள் மருத்துவரிடமும் அதில் தேர்ந்த ஆசிரியரிடமும் போவது நல்லது.

#9 பழம்பாய்

என் முழங்காலில் 2 ஆண்டுகளாக ஒரு சத்தம் வருகிறது என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் இருப்பது நேர்மையாகாது.

#10 மூட்டுக்காவலர்

வலியும் வீக்கமும் இல்லாமல் சத்தம் மட்டும் வந்தால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. மாடி இறங்கும்போது வலிக்கிறதா? வலித்தால் ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். ஆசிரியர்மேல் கோபம் வேண்டாம்.

#11 அந்திமல்லி

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான்கு கால்களில் நிற்கும் நிலையில் எனக்கு மணிக்கட்டு வலிக்கிறது. அதனால் பாதி வகுப்பை வேடிக்கை பார்த்தே கழிக்கிறேன். வேறு வழி உண்டா?

#12 நாற்காலிக்காரி

உண்டு, தோழி. உள்ளங்கையின் அடிப்பகுதியில் மொத்த எடையும் இறங்குவதுதான் பெரும்பாலும் சிக்கல். விரல்களை அகல விரித்து, விரல் நுனிகளாலும் ஆள்காட்டி விரலின் அடி முட்டியாலும் தரையை அழுத்திப் பாருங்கள். போதாவிட்டால் கையை முஷ்டியாக மடக்கி அதன்மேல் நில்லுங்கள். மணிக்கட்டு மடங்காமல் நேராக இருக்கும். அல்லது முழங்கையை ஊன்றி முன்கையைத் தரையில் வையுங்கள். முழங்கால் உறுத்தினால் விரிப்பின் ஓரத்தை இரண்டாக மடித்து அதன்மேல் முழங்காலை வைக்கலாம். ரொம்பத் தடித்த விரிப்பாக வாங்கிவிடாதீர்கள். 4 முதல் 6 மில்லிமீட்டர் போதும். மெத்தை போன்ற விரிப்பில் நின்று செய்யும்போது கணுக்கால் ஆடும், மணிக்கட்டும் கூடுதலாக மடங்கும்.

#13 துள்ளல்

எல்லாம் சரி, ஆசிரியர் வேண்டுமா, காணொளி போதுமா? இந்தச் சண்டை இல்லாமல் ஒரு யோகா விவாதம் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை.

#14 ஏடுபுரட்டி

காணொளி உங்களைப் பார்ப்பதில்லை. நீங்கள்தான் அதைப் பார்க்கிறீர்கள். அதைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் நிலை கலைகிறது. ஆகவே ஒரு சில வகுப்புகளாவது நேரில்.

#15 நாற்காலிக்காரி

நேரில் இருக்கும் ஆசிரியரும் முப்பது பேருக்கு நடுவில் உங்களைப் பார்ப்பதில்லை. முழங்காலை அழுத்துபவராக இருந்தால் பார்க்காமல் இருப்பதே மேல்.

நான் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் முறை ஒன்றுதான். வகுப்புக்கு முன்னால் ‘உங்களுக்கு உடம்பில் எங்காவது தொந்தரவு உண்டா?’ என்று அவராகக் கேட்கிறாரா? தொடுவதற்கு முன் அனுமதி கேட்கிறாரா? ‘எனக்கு இது வரவில்லை’ என்று சொன்னால் மாற்று ஒன்றைக் காட்டுகிறாரா, அல்லது ‘முயன்றால் வரும்’ என்று நகர்ந்துவிடுகிறாரா? அவருடைய உடம்பு எவ்வளவு வளைகிறது என்பதை நான் பார்ப்பதே இல்லை. இயல்பாகவே ரப்பர் போல வளைபவர்களுக்கு நம் கஷ்டம் புரிய நாளாகும். அப்படி வளைபவர்களுக்கே வேறு ஆபத்தும் உண்டு: மூட்டு எல்லைவரை போய்த் தொங்கிக்கொண்டு நிற்பார்கள், தசை வேலையே செய்யாது.

காணொளியானால் முதல் முறை உட்கார்ந்து வெறுமனே பாருங்கள். மறுநாள் திரையைத் திருப்பிவைத்துக் குரலை மட்டும் கேட்டுச் செய்யுங்கள். குரலை வைத்தே பின்பற்ற முடிந்தால் அவர் நல்ல ஆசிரியர்.

#16 வளையாமரம்

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். திண்ணையில் பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நழுவிவிட்டதற்கு மன்னிக்க வேண்டும்.

நாற்காலியில்தான் தொடங்கினேன். முதல் வாரம் அந்த மூச்சு எண்ணிக்கையில் நான்கைத் தாண்டவில்லை. இப்போதும் பத்து வரை போவது அபூர்வம்தான். ஐந்தாம் நாள், நாற்காலிக்காரி அம்மா சொன்னது போலவே கை துறுதுறுத்தது. கூட்டவில்லை. பன்னிரண்டாம் நாள் கூட்டினேன். திருகும்போது நாற்காலியை இழுத்துத் திருகினேன், இரண்டு நாள் இடுப்புக்கு மேல் ஒரு பிடிப்பு. முன்பு போல என்றால் அதோடு விட்டிருப்பேன். இந்த முறை திருகுவதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் செய்தேன்.

நேரத்தைப் பற்றியும் ஒரு விஷயம். காலையில் எழுந்து செய்ய வேண்டும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். காலையில் என் உடம்பு பலகை. மாலையில் வேலை முடிந்ததும், அடுத்த உணவுக்கு நேரமிருக்கும்போது, வயிறும் இலேசாக இருக்கிறது, உடம்பும் கொஞ்சம் பேச்சுக் கேட்கிறது. 35 நாள்களில் 26 நாள்கள் செய்திருக்கிறேன். நாள்காட்டியில் புள்ளி வைத்திருக்கிறேன், அதனால் கணக்குச் சரி.

வளைந்தேனா என்றால், இல்லை. விரல் நுனி இன்னும் கணுக்காலுக்கு மேலேயே நிற்கிறது. ஆனால் நேற்றுக் கார் ஓட்டும்போது பின்னால் வரும் வண்டியைப் பார்க்க உடம்போடு திரும்பாமல் கழுத்தை மட்டும் திருப்பினேன். திரும்பிய பிறகுதான் கவனித்தேன்.

இப்போது தரைக்குப் போகலாமா? போனால் எழுவது எப்படி? அதுதான் பயம்.

#17 மூட்டுக்காவலர்

எழுவதையே ஆசனமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் கேலியாகச் சொல்லவில்லை. உங்கள் வயதில் அதைவிடப் பயனுள்ள பயிற்சி குறைவு. விரிப்புக்குப் பக்கத்தில் அதே நாற்காலியைச் சுவரோடு போடுங்கள். மல்லாந்து படுத்திருந்தால் நேராக எழாதீர்கள். முழங்கால்களை மடக்கி ஒரு பக்கமாகப் புரண்டு, அங்கேயே இரண்டு மூச்சு. கையை ஊன்றி நான்கு கால்களுக்கு வாருங்கள். நாற்காலி அருகே ஊர்ந்து இரண்டு கைகளையும் இருக்கையில் வையுங்கள். வலுவான காலின் பாதத்தை முன்னால் ஊன்றி, மூச்சை வெளியே விட்டபடி எழுங்கள். எழுந்ததும் உடனே நடக்க வேண்டாம். பிடித்தபடியே தலை சுற்றவில்லை என்று தெரியும்வரை நில்லுங்கள். இறங்குவது இதே வரிசை, தலைகீழாக.

முதல் நாள் இறங்கி எழுவது மட்டும். இரண்டு முறை.

#18 நாற்காலிக்காரி

அது பழகியதும் தரையில் ஒரே ஒரு நிலையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்கள் இரண்டையும் நாற்காலி இருக்கையின்மேல் வையுங்கள். தலைக்கு மடித்த போர்வை. முதுகு தானாகத் தரையில் பரவும். மூச்சை இயல்பாக எடுத்து, வெளியே விடுவதை மட்டும் கொஞ்சம் நீளமாக்குங்கள். மூச்சு உள்ளே போகும்போது இதயம் சற்று வேகமாகவும் வெளியே வரும்போது சற்று மெதுவாகவும் துடிக்கும். வெளிமூச்சு நீண்டால் உடல் அடங்கும். மூன்று எண்ணி உள்ளே, நான்கு எண்ணி வெளியே. திணறினால் எண்ணுவதை விட்டுவிடுங்கள். ஐந்து நிமிடம் போதும். தூங்கிவிட்டால் குற்றமில்லை.

சம்மணத்தையும் இப்போது வேண்டுமானால் எட்டிப் பார்க்கலாம். போர்வையை நான்காக மடித்து அதன் விளிம்பில் உட்காருங்கள். முழங்கால்களைவிட இடுப்பு உயர்ந்திருக்கும் வரை போர்வையை அடுக்குங்கள், தொங்கும் முழங்கால்களுக்குக் கீழே தலையணை. மூன்று போர்வை ஆனாலும் ஆகட்டும். பழம்பாய் ஐயா பார்க்க மாட்டார்.

#19 பழம்பாய்

பார்த்துவிட்டேன். என்னிடம் இப்போது இரண்டு போர்வை.

#20 வளையாமரம்

இன்று இறங்கி, இரண்டு முறை எழுந்தேன். இரண்டாம் முறை நாற்காலி லேசாக நகர்ந்தது, சுவர் காப்பாற்றியது. விரிப்பின் உறையைப் பிரித்தாகிவிட்டது. ஆனால் இத்தனை நாள் சுருண்டே நின்றதால் இரண்டு ஓரமும் மேலே எழும்பிக்கொண்டு கால் தடுக்கப் பார்க்கிறது. இதற்கு என்ன செய்வது?

#21 அந்திமல்லி

மேல்பக்கம் வெளியே தெரியும்படி மாற்றிச் சுருட்டி ஓர் இரவு வையுங்கள், சரியாகிவிடும். அதுவரை இரண்டு முனையிலும் கனமான புத்தகம்.